டங் சத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்

பசி வந்தால் சோறு கேட்பவர்களை உங்களுக்குத் தெரியும். தூக்கம் வந்தால் தலையணை கேட்பவர்களையும் தெரியும். இன்று நான் அறிமுகப்படுத்தப்போகும் ஜீவனுக்கு இந்த இரண்டும் இரண்டாம்பட்சம். எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த இரும்பு ஒன்றைத் தூக்கிவந்து, அதைத் தன் கையாலேயே வெட்டி, ஒட்டி, ஓட்டை போட்டு, கொல்லைப்புறத்தில் நட்டு, பெயின்ட் அடித்து, அது காயும் முன்பே தள்ளிப் போய் நின்று துப்பாக்கியால் ஒரு குண்டு போட்டு, அது 'டங்' என்று பதில் சொல்வதைக் கேட்டுவிட்டால் போதும். அன்றைக்குப் பெண்டாட்டி கருகிய ரொட்டியைப் போட்டால்கூட 'அமிர்தம்' என்று சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். இந்த இனத்துக்கு நான் 'சொந்தத் தகட்டார்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் தெற்கு ஒஹையோ மேடுகளில் இவர்கள் மான்களைவிட அதிகம். மான்களைச் சுடவாவது ஒரு பருவம் உண்டு. இவர்கள் வருஷம் முழுக்கத் திரிகிறார்கள்.

குறி பார்த்துச் சுட்டுப் பழக ஒரு இலக்கு வேண்டும், அவ்வளவுதானே? காகிதத்தில் வட்டம் போட்டு ஒட்டினால் ஆகாதா? கேட்டுப் பாருங்களேன். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "காகிதம் பதில் பேசாதுய்யா" என்பார். சரி, இரும்பில் செய்த இலக்குகளைக் கடையில் விற்கிறார்களே, நல்ல கடினமான தகடு, சங்கிலியோடு வருகிறதே, அதை வாங்கித் தொங்கவிட்டால் ஆகாதா? இதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஒரு இரும்புத் துண்டுக்குப் போயி எவனாவது காசு குடுப்பானா?" என்று ஆரம்பித்தால், நீங்கள் கையில் வைத்திருக்கும் காப்பி ஆறி, அதன் மேல் ஆடை படிந்து, உங்கள் நாய் உங்களைத் தேடி வரும் வரை விடமாட்டார்.

இவரைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது சுலபம். எந்த இரும்பைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டுவார். தட்டிவிட்டுக் கண்ணை மூடுவார். வயலோரத்து கேட்டைத் தட்டுவார், மாதாகோவில் மாடிப்படிக் கைப்பிடியைத் தட்டுவார், நீங்கள் ஆசையாக வாங்கி முதல் நாள் ஓட்டிவந்து நிறுத்திய டிரக்கின் கதவைத் தட்டி, "ப்ச், தகரம்" என்பார். போன வசந்தத்தில் எங்கள் பழைய தபால்காரரை அடக்கம் செய்தபோது எல்லாரும் தலைகுனிந்து நிற்க, ஒருவர் மட்டும் சவப்பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்து நான் தோளில் கை வைத்தேன். "வெண்டல்" என்று என் பெயரைச் சொன்னார் காதோரமாக, "இந்த மாதிரி இரும்பை மண்ணுக்குள்ள புதைக்கிறாங்க பாரேன்."

அவர்தான் கிளோவிஸ் ஹாக்கன்பெரி. என் பக்கத்து வீட்டுக்காரர். இந்த இனத்தின் பூரண லட்சணங்களும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், என் வேலியோரம் வந்து நின்றால் போதும். கண்ணாடி மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கிளோவிஸ் அண்மையில் செய்த இலக்குகளில் ஒன்று ஒரு பழைய உழவுத் தட்டு. டிராக்டருக்குப் பின்னால் மண்ணைக் கிளறிக்கொண்டு போகுமே, வட்டமாக, நடுவில் குழிந்து, அதுதான். அதை வாசலுக்கு எதிரே புல்வெளியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் அசையாமல் இறுக்கி ஒட்டவைத்து, குழிந்த பக்கம் வீட்டைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

"கிண்ணம் மாதிரி இருக்கு" என்றேன்.

"மாதாகோவில் மணி எப்படி இருக்கும்? குழிவாத்தானே இருக்கும்? அதான் அந்தச் சத்தம். இதெல்லாம் யோசிச்சுச் செய்யணும் வெண்டல். கடைக்காரனுக்கு இந்த மூளை கிடையாது."

வாசல் படியில் நின்று குறி பார்த்தார். சுட்டார். டங் என்று கேட்டது. உடனே, இன்னும் பக்கத்தில், 'சளக்' என்று வேறு ஒன்றும் கேட்டது. நாங்கள் இருவரும் எங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அப்புறம்தான் வாத்தைப் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலில் ஒரு கான்கிரீட் வாத்து நிற்காவிட்டால் அந்த வீட்டுக்கு நல்லவர்கள் யாரும் வரமாட்டார்கள். அந்த வாத்துக்கு மழைக்காலத்தில் மஞ்சள் கோட்டு, பனிக்காலத்தில் கம்பளிக் குல்லா, ஜூலையில் சுதந்திர தினத்துக்குக் கொடி நிறத்தில் கவுன் என்று பருவத்துக்குப் பருவம் தைத்துப் போடுவார்கள். கிளோவிஸின் மனைவி நெல்டா அதில் தேர்ந்த கை. அவளுடைய வாத்து அன்றைக்குப் பூசணிக்காய் நிறத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அலகு இல்லாமல் நின்றது. தன் கையால் செய்த தகடு, தன் கையால் விட்ட குண்டைத் தன் வாசலுக்கே திருப்பி அனுப்பியிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, கிளோவிஸ் அதைக் காசே செலவில்லாமல் வைத்துக்கொண்டார்.

நெல்டா வெளியே வந்தாள். வாத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தாத பெண்டாட்டிதான் ஆபத்து என்பது கலியாணமானவர்களுக்குத் தெரியும்.

"கிளோவிஸ், தபால் பெட்டி போச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

"அது வந்து, காத்து..."

"கறி சுடற அடுப்போட மூடி போச்சு. அப்பவும் ஒண்ணும் சொல்லல. இப்ப என் வாத்து. வர்ற சனிக்கிழமை தீயணைப்புக்காரங்க, நல்லா குறி பாத்துச் சுடறவங்களுக்குப் பன்னித் தொடைக் கறி பரிசு குடுக்கற ஹாம் போட்டி நடத்தறாங்கல்ல? அதுக்கு இரும்புத் தகடு செஞ்சு தர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறல்ல? செய். எங்கக்கா டார்லா பாத்து 'சரி'ன்னு சொல்லணும். அவ சொன்னபடி அன்னிக்கு அந்தத் தகட்டுலதான் போட்டி நடக்கணும். நடக்கலன்னா, காகிதத்துல நடந்துச்சுன்னா, உன் வெல்டிங் மெஷினை என் தம்பி வந்து தூக்கிட்டுப் போவான்."

கிளோவிஸ் தன் ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெல்டிங் மெஷின் இல்லாத சொந்தத் தகட்டாரை நீங்கள் பார்த்ததுண்டா? நானும் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. பக்கத்து வீட்டில் நாள் முழுக்க ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்து என் வேலியைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை என்னால் சகிக்க முடியாது. ஆகவே அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

டார்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்டாவின் அக்கா. பட்டாளத்தில் பல வருஷம் பையன்களுக்குத் துப்பாக்கி பழக்கிவிட்டு ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் ஹாம் போட்டியில் அவள் கழுத்தில் தொங்கும் விசில் ஊதாமல் ஒரு குண்டு வெளியே போகாது. புருஷனை இழந்தவள், பயத்தை அவனுக்கும் முன்பே இழந்தவள். மறுநாள் வந்து உழவுத் தட்டைப் பார்த்தாள். கிளோவிஸைப் பார்த்தாள். அவரை நேராகச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"ஒரு ஸ்பூன் எடு" என்றாள். கொடுத்தார். குழாயை முழு வேகத்தில் திறந்தாள். ஸ்பூனின் குழிந்த பக்கத்தைக் குழாய்க்குக் கீழே காட்டினாள். தண்ணீர் கிண்ணத்தில் விழுந்து, சுழன்று, எகிறி, கிளோவிஸின் முகம், சட்டை, மீசை எல்லாவற்றையும் நனைத்துவிட்டுக் கூரையில் போய் ஒட்டியது.

"இதான் உன் உழவுத் தட்டு. புரியுதா?"

"புரியுது, குழாயை மூடு!"

மூடவில்லை. ஒரு தட்டையான வெண்ணெய்க் கத்தியை எடுத்து, தண்ணீர் படும் முகம் தொட்டிப் பக்கம் சரியும்படி லேசாகச் சாய்த்துப் பிடித்தாள். தண்ணீர் சமர்த்தாகத் தொட்டிக்குள்ளேயே இறங்கிப் போனது.

"தகடு தட்டையா இருக்கணும். முகம் தரையைப் பாத்துச் சாஞ்சிருக்கணும், அப்பத்தான் தெறிக்கிறது மண்ணுக்குப் போகும். கம்பத்துல ஒட்டவைக்காத. சங்கிலியில தொங்கவிடு, அடி பட்டா ஆடட்டும். கேட் செய்யற இரும்பு, தகர இரும்பு எல்லாம் வேணாம். மெத்து இரும்புல குழி விழும். குழி விழுந்த இடத்துல அடுத்த குண்டு பட்டா, எந்தப் பக்கம் போறோம்னு அந்தக் குண்டுக்கே தெரியாது. நல்ல..."

"தெரியும்" என்றார் கிளோவிஸ்.

இந்த இனத்தின் தலையாய அடையாளம் இதுதான், கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே 'தெரியும்' வந்துவிடும். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தாலும் வந்துவிடும்.

"என்ன தெரியும்?"

"நல்ல இரும்பு வேணும்னு தெரியும்."

"கடினமான தகடு வேணும். தேய்மானம் தாங்கறதுக்குன்னே பதம் போட்ட தகடு. அது கெடைச்சா, அதுல நெருப்பே காட்டக் கூடாது. சூடு பட்ட இடத்துல பதம் போயிடும், திரும்ப மெத்துன்னு ஆயிடும். அப்புறம், சுடறவங்க மட்டுமில்ல, வேடிக்கை பாக்கறவங்க, சூப்பு குடிக்கறவங்க எல்லாருக்கும் கண்ணாடி. நான் சொல்ற தூரத்துக்கு ஒரு அடி முன்ன வந்தாலும் போட்டிய நிறுத்திடுவேன். எதுவும் விட்டுப்போச்சா?"

"இல்ல."

"நெருப்பு?"

"காட்டக் கூடாது. தெரியும் டார்லா, தெரியும்!"

கிளோவிஸ் கெட்டிக்காரர்தான், நான் மறுக்கவில்லை. கல் குவாரியில் பாறை அள்ளும் வண்டியின் தொட்டிக்குள் உள்பூச்சாகப் பதிக்கும் தகடுகள் உண்டு. நாள் முழுக்கப் பாறை விழுந்தாலும் அசையாதவை. அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு பெட்டி மான் கறி சாசேஜ் கொடுத்து, பொருத்தாமல் மிஞ்சிப்போன புதுத் தகடுகள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தார். மேல் விளிம்பில் போல்ட் போடுகிற ஓட்டைகள்கூடத் தயாராக இருந்தன. வெட்ட வேண்டாம், துளைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். சங்கிலி மாட்டினால் வேலை முடிந்தது. விரல் முட்டியால் தட்டி என்னைக் கேட்கச் சொன்னார். எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வேலை முடிந்தது என்றா சொன்னேன்? அங்கேதான் நீங்களும் நானும் ஏமாந்தோம். வேலை முடிந்துவிட்டால் இவர் எதற்கு? ஒரு பொருளில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்றால் சாதாரண மனிதருக்கு நிம்மதி. சொந்தத் தகட்டாருக்கு அது அவமானம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய ஷெட்டிலிருந்து பளீர் பளீர் என்று நீல வெளிச்சம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முகமூடியும் கையுமாக, முதல் தகட்டின் நட்ட நடுவில், குண்டு படவேண்டிய அந்த முகத்திலேயே, விரல் தடிமனுக்கு இரும்பை உருக்கி ஊற்றி, 'கிளோவிஸ்' என்று எழுதி முடித்திருந்தார்.

"யோவ், டார்லா என்ன சொன்னா? நெருப்பே காட்டாதேன்னாளே!"

"அது அறுக்கறதுக்குச் சொன்னது வெண்டல். இது எழுதறது."

"முகம் தட்டையா இருக்கணும்னாளே!"

"எழுத்துக்கு நடுவுல எல்லாம் தட்டையாத்தானே இருக்கு?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அப்புறம், பேரு இல்லாம போட்டா யாரு செஞ்சதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது தகட்டில் 'ஹாக்கன்பெரி' என்று எழுதுவதாகத் திட்டம். ஆனால் அவர் தாத்தா வழி வந்த அந்தப் பெயர் கொஞ்ச நீளமா? வெல்டிங் கம்பி, 'கிளோவிஸ்' என்ற சின்னப் பெயரிலேயே தீர்ந்துபோய்விட்டது. கடையும் மூடிவிட்டது. "பரவாயில்ல, அதைச் சும்மா துணைக்கு வெச்சுக்கலாம்" என்று இரண்டையும் டிரக்கில் ஏற்றினார்.

சனிக்கிழமை வந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால், மண்மேட்டை ஒட்டிய புல்வெளியில் ஊரே கூடியிருந்தது. பெரிய இரும்புக் கொப்பரையில் பீன்ஸ் சூப் கொதிக்க, மேசை மேல் பரிசு ஹாம்கள் வரிசையாகப் படுத்திருக்க, எங்கள் தீயணைப்புத் தலைவர் கேலன் பர்டி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அது வேலை செய்கிறதா என்று ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்டாவின் தம்பி தன் டிரக்கின் பின்கதவைத் திறந்து போட்டு, கயிறு வேறு எடுத்து வைத்திருந்தான். வெல்டிங் மெஷினைக் கட்டுவதற்கு. இரக்கமில்லாத பயல்.

கிளோவிஸ் முதல் தகட்டைப் போர்வைக்குள்ளிருந்து குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார். டார்லா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது என்ன?"

"தகடு."

"தகட்டு மேல?"

"அது... பேரு."

"யாரு பேரு?"

அவருடைய பெயர்தான் என்பது புல்வெளியின் மறுகோடியில் சூப் குடித்துக்கொண்டிருந்தவருக்குக்கூடத் தெரிந்தது. டார்லா ஒரு விரலால் அந்த எழுத்துகளின் மேடு பள்ளத்தைத் தடவினாள்.

"ஒவ்வொரு எழுத்தும் ஒரு மேடு. ஒவ்வொரு மேடும் குண்டை ஒவ்வொரு பக்கம் அனுப்பும். சூடு காட்டினதுல பதமும் போச்சு. உன் பேருல ஒரு எழுத்து பட்டு சூப்புக் கொப்பரைக்குப் போகும், இன்னொரு எழுத்து பட்டு பாதிரியார் தொப்பிக்குப் போகும். இது வேணாம். காகிதத்தை எடுத்துட்டு வாங்கப்பா."

"கிரைண்டர் போட்டுத் தேய்ச்சிடறேன் டார்லா!"

"தேய்ச்சா மேடு போகும். போன பதம் வருமா?"

நெல்டாவின் தம்பி கயிற்றைக் கையில் எடுத்தான். ஐம்பது மைல் சுற்றளவில் எல்லாவற்றுக்கும் 'தெரியும்' என்று சொன்ன மனிதருக்கு அப்போது ஒன்றுமே தெரியவில்லை. சரி, என் வேலிக்கு இனிமேல் நிம்மதி இல்லை என்று நினைத்துக்கொண்டே நான் டிரக்கைப் பார்த்தேன்.

"அந்த இன்னொண்ணு?" என்றேன்.

டார்லா திரும்பினாள். இரண்டாவது தகடு, எழுத்தில்லாமல், ஒட்டில்லாமல், குவாரியிலிருந்து வந்த கோலத்திலேயே கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். முன்னும் பின்னும் பார்த்தாள். தடவினாள். தட்டவும் தட்டினாள், அவளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"இது நல்லாருக்கே. இதுல ஏன் நீ கை வைக்கல?"

"கம்பி தீந்துபோச்சு" என்றார் கிளோவிஸ், தலையைக் குனிந்துகொண்டு.

சங்கிலி மாட்டினார்கள். முகம் தரையைப் பார்க்கும்படி சாய்ந்து தொங்கியது. பின்னால் மண்மேடு. டார்லா எல்லார் கண்ணையும் ஒவ்வொருவராகப் பார்த்து, கண்ணாடி இல்லாதவர்களுக்குக் கண்ணாடி மாட்டி, சூப்பு கிளறுகிற அம்மாளுக்கும் மாட்டி, தூரத்தை அளந்து கோடு கிழித்து, விசில் ஊதினாள். முதல் ஆள் சின்ன ரைஃபிளால் சுட்டார்.

டங்ங்ங்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்? சுத்தமாக, நீளமாக, மேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அடுத்த ஆள் சுட்டார். அடுத்தவர். காகிதத்தில் சுடும்போது கொட்டாவி விடும் கூட்டம், அன்றைக்குச் சூப்பை மறந்துவிட்டு வரிசையில் இடம் பிடித்தது. நெல்டாவின் தம்பி கயிற்றை மெல்லச் சுருட்டி உள்ளே போட்டான்.

கிளோவிஸ் பிழைத்துவிட்டார். மெஷின் பிழைத்துவிட்டது. இங்கே இந்தக் கதை முடிந்திருக்கலாம், கேலன் பர்டி மட்டும் அந்த ஒலிபெருக்கியை எடுக்காமல் இருந்திருந்தால்.

"பிரமாதமான தகடு!" என்று முழங்கினார் கேலன்; டார்லா தள்ளிய தகடு மட்டும்தான் கிளோவிஸ் செய்தது, தொங்குவது வேறு எங்கிருந்தோ வந்தது என்று அவரும் ஊரும் நினைத்திருந்தார்கள். "அடடா! இது எந்தக் கடையில வாங்கினது? சொன்னா நிலையத்துக்கே இன்னும் நாலு வாங்கிப் போட்டுடலாம்!"

கிளோவிஸின் காது சிவந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடையில் வாங்கினதாம்! ஒரு சொந்தத் தகட்டாரை இதைவிட உயர்வாகப் புகழவும் முடியாது, இதைவிடக் கேவலமாகத் திட்டவும் முடியாது. நெல்டா அவர் காலை மிதித்தாள். "வாயை மூடிட்டு இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது வேறு எதற்கு?

"கடையில இல்ல!" என்று கூவினார் கிளோவிஸ். "நான் செஞ்சது! நானே என் கையால செஞ்சது!"

சுடக் குனிந்திருந்தவர் ரைஃபிளை மெல்லக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். வரிசை முழுக்க, கிழவர், குமரி, பாதிரியார் உட்பட, ஒரே ஆளைப் போலப் பின்னால் நகர்ந்தது. சூப்பு கிளறுகிற அம்மாள் கொப்பரை மூடியை எடுத்துக் கேடயம்போல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"கிளோவிஸ் செஞ்சதா?" என்றார் கேலன், ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டு. "அந்த... வாத்து கிளோவிஸா?"

"சரியா இருக்குன்னு நான்தான் சொல்றேனே!" என்றாள் டார்லா. யார் கேட்டார்கள்? ஊரில் பெயர் கெட்டுவிட்டால், பட்டாளமே வந்து சாட்சி சொன்னாலும் நிற்காது. கேலன் தயங்கித் தயங்கி, "காகிதத்தையே எடுத்துட்டு வந்துடலாமா?" என்றார். கயிறு மறுபடி வெளியே வந்தது.

கிளோவிஸ் நின்ற இடத்திலேயே நின்றார். வாத்து என்றதும் சிரித்தவர்களைப் பார்த்துக் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கேலி செய்யத்தானே இதை எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் சொல்கிறேன்: நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

நெல்டா தன் கைப்பையை என் கையில் திணித்தாள். கண்ணாடியைச் சரியாக மாட்டினாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். ஒருத்தரும் இல்லாத கோட்டுக்குத் தனியாக நடந்து போய், அந்த ரைஃபிளை எடுத்தாள்.

"நெல்டா, உன் பேரு வரிசையிலேயே இல்லியே" என்றார் கேலன்.

"வரிசையே இல்லியே கேலன்" என்றாள். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா கேட்டுக்கோங்க. என் புருஷனைக் கிண்டல் பண்றது என் வேலை. அதுக்கு ஊர்ல ஆள் எடுக்கல."

டார்லா விசில் ஊதினாள். நெல்டா சுட்டாள். டங். மறுபடியும் சுட்டாள். டங். கடைசிக் குண்டு வரைக்கும் நிறுத்தவில்லை, ஒன்றுகூடத் தவறவில்லை. தகடு சங்கிலியில் ஆடியது, தெறித்ததெல்லாம் புல்லுக்குள் இறங்கியது, அவளுடைய கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. ரைஃபிளை வைத்துவிட்டு மேசைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஹாமைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக் கேலனுக்குத் தைரியமில்லை.

வரிசை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சாயங்காலம் வரை அந்தத் தகட்டில்தான் சுட்டார்கள். கயிறு கொண்டுவந்தவன்கூட இரண்டு முறை சுட்டான்.

திரும்பும்போது டிரக்கில் நெல்டாவும் ஹாமும் முன்னால், நான் பின்னால். கிளோவிஸ் வழியில் இருந்த இரும்பு கேட்டுகளைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். மனிதர் திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நெல்டா" என்றார் கடைசியில், "அந்தச் சங்கிலி இருக்கே, அதைக் கடையில வாங்கினோம். இதுக்குப் போயி எவனாவது காசு குடுப்பானா? நானே..."

"ஹாமைத் தலையில போடுவேன்" என்றாள் நெல்டா.

இதுவரை சிரித்துக்கொண்டே படித்தீர்கள், வாசகரே. 'எனக்கு என்ன, நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, சுத்தியல்கூடப் பக்கத்து வீட்டில்தான் கடன் வாங்குகிறேன்' என்று காலை நீட்டிக்கொள்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் நீங்களே சரிசெய்த குழாய் ஒன்று உண்டா? விருந்தாளி அதைத் திறக்கப்போனால், 'இருங்க, அதை அப்படித் திறக்கக் கூடாது, லேசா தூக்கி இடது பக்கம்' என்று ஓடுகிறீர்களா? நீங்கள் கோத்த நாற்காலியில் வந்தவர்கள் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்காருகிறார்களா? நீங்கள் வைத்த குழம்பை எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, 'நான்தான் வெச்சேன்' என்று சொல்லாமல் இருக்க முடிகிறதா? சொன்னதும் கைகள் அப்படியே நிற்கின்றனவா?

முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது: எல்லாரும் பின்னால் நகரும்போது, உங்களுக்காக முன்னால் நடந்துபோக வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாரா? இருந்தால், இப்போதே எழுந்து போய் அந்த ஆளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள். தயவுசெய்து, கடையில் வாங்கின காப்பித்தூளில்.